யாருது இந்தப் பணம்

புதுப்பட்டினத்தில் கரண்ட் பில் கட்ட வேண்டுமென்றால் சீனுவை விட்டால் ஆள் கிடையாது. ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னாலோ அவனுக்கு முழி பிதுங்கிவிடும். இந்த இரண்டு சீனுவும் ஒரே சீனுதான் என்பது ஊருக்குப் பழகிப்போன சங்கதி. அவனுடைய அக்கா சியாமளாவுக்குத்தான் அது கடைசிவரை பிடிபடவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கு எதுவுமே லேசில் பிடிபடாது, உலக வழக்கம் அப்படி.

கூட்டத் தெரியாதவன் எப்படிப் பில் கட்டுவான் என்று கேட்பீர்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள் பலர், பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். வயசான காலத்தில் கரண்ட் ஆபீஸ் வரிசையில் நிற்க அவர்களுக்கு முட்டி ஒத்துழைக்காது. சீனு மஞ்சள் பையோடு வீடு வீடாகப் போவான். கரண்ட் அட்டையையும் பணத்தையும் வாங்கியதும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "யாருது?" வீட்டுக்காரரே வாசலில் நின்று கொடுத்தாலும், "என்னுதுதான்டா, திருநாவுக்கரசு வீட்டுது" என்று பேரைச் சொல்லியாக வேண்டும். பேரைக் கேட்ட பிறகுதான் பணத்தை அட்டைக்குள் மடித்து வைத்து ரப்பர் பேண்டு போடுவான். கவுண்டரில் ஒரு கட்டைப் பிரிப்பான், நீட்டுவான், மிச்சச் சில்லறையை வந்தது வந்தபடி அட்டைக்குள் வைத்துக் கட்டுவான். அதற்கப்புறம்தான் அடுத்த கட்டில் கை வைப்பான். பின்னால் நிற்பவர்கள் காட்டுக்கத்தல் கத்தினாலும் இரண்டு கட்டு ஒரே சமயத்தில் பிரியாது. ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுப் பணத்தோடு கலந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை.

பில்லுக்கு ஐந்தோ பத்தோ கையில் கொடுப்பார்கள். வினை அங்கேதான். அந்தக் காசுக்கு அட்டை கிடையாது, ரப்பர் பேண்டு கிடையாது. சட்டைப் பையில் சும்மா கிடக்கும், கேட்டவனுக்குக் கேட்டபடி போய்விடும். டீக்கடை முனிசாமி, "சீனு, ஒரு அம்பது ரூபா இருந்தா குடேன், நாளைக்குத் தர்றேன்" என்பான். முனிசாமியின் நாளை எந்த வருஷத்திலும் வந்ததில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் யாரோ ஒரு குழந்தை அழுதால் அதன் கையில் பலூன் முளைக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சீனு ஆற்றையும் பார்ப்பதில்லை, அளவையும் பார்ப்பதில்லை. ஊரார் பணத்தைக் கண்ணில் வைத்துக் காப்பவன் கையில் சொந்தப் பணம் ஒரு பொழுது தங்காது.

மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவன். அப்பா சதாசிவம் டவுன்ஷிப்பில் ஃபோர்மேன், மெஷினை அதட்டிப் பழகியவர். மகனையும் அதட்டினால் ஓடும் என்று நம்பினார். மேசைமேல் ஒரு ரூபாய் நாணயங்களைப் பரப்பி, "பத்துல மூணு போனா?" என்பார். சீனு மேசைக்கடியில் குனிந்து தேடுவான். நாலு வருஷம் தேடினான். பிறகு அப்பா நாணயங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அந்த விஷயத்தையே விட்டுவிட்டார்.

அம்மா சகுந்தலா வேறு வழி. கணக்குப் பக்கமே போகவில்லை. சோறு வடிக்க, துணி துவைக்க, அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தரம் தொட்டுப் பார்க்க, கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். உதவிக்கு யாராவது எழுந்தால், "உக்காரு, சீனு செய்வான்" என்பாள். பணத்தை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். அப்பா போன பிறகு வந்த குடும்ப பென்ஷனில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். சீனு செய்யாதது ஒன்று இருந்தது, அது அம்மா இல்லாத வீட்டில் இருப்பது. அதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு வழியில்லை. இரண்டாயிரத்து ஒன்று ஐப்பசியில், நல்ல மழை நாளில், நெஞ்சு வலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சீனுவுக்கு அப்போது நாற்பது வயது.

காரியம் முடிந்ததும் சியாமளாவின் கணவர் ராகவன் சொன்னார். "கூடுவாஞ்சேரிக்கே கூட்டிட்டுப் போயிடலாம். இந்த வீட்டை வித்து பேங்க்ல போட்டா வட்டி வரும். அவன் பேர்லயே போடு, நான் தொடமாட்டேன்." தொடவும் மாட்டார். மனுஷன் நல்லவர். நல்லவர்களோடு வாதாடுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

கூட்டிப் போனாள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை. மகன் நிதின் பன்னிரண்டாவது. காலையில் ராகவனும் சியாமளாவும் ரயிலேறி ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். சீனு மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு கேட்டருகில் நிற்பான். யாரும் அட்டை கொடுக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அவன் பேர் தெரியாது, அவனுக்கும் யார் பேரும் தெரியாது. ஒரு நாள் கிளம்பிப் போனவனை மறைமலை நகர் பக்கத்திலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். தினமும் ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரே கேள்வி, "நம்ம வூட்டுக்கு எப்பக்கா போறது?" சியாமளா குழம்பை ஊற்றிக்கொண்டே பேச்சை மாற்றுவாள். கடைசியில் கணவரிடம் கெஞ்சி ஒரு தவணை வாங்கினாள். கோடை வரைக்கும் சீனு தனியாக இருந்து பார்க்கட்டும். சரிப்பட்டால் வீடு அவனுக்கு. ஏதாவது தப்பாகப் போனால் வீட்டை விற்றுவிட்டு அவன் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பேச்சில்லை.

தனியாக இருக்கப் பணம் வேண்டும். அம்மாவோடு பென்ஷன் நின்றுவிட்டது. விசாரித்ததில், சம்பாதிக்க வழியில்லாத பிள்ளை என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தால் அப்பாவின் பென்ஷன் அவன் ஆயுசுக்கும் வரும், காப்பாளராக அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கித் தரலாம் என்றார்கள். சியாமளாவுக்குத் தலை சுற்றியது அங்கேதான். வீட்டில் கணவரிடம், 'அவனால முடியும்' என்று வாதாடிக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் முன்னால் போய், 'அவனால முடியாது' என்று சொல்ல வேண்டும். இரண்டும் பொய்யில்லை. இரண்டும் முழு உண்மையும் இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லிவிடுகிறோம், நடுவில் நின்று பார்த்தால்தான் எந்தப் பக்கம் சூடு அதிகம் என்றே தெரியாமல் போகிறது.

ராகவன்தான் சீனுவைத் தயார் செய்தார். "டாக்டர் என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்."

"தெரியுமே மாமா."

"தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லு. அப்பதான் புதுப்பட்டினம்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் மூன்று மருத்துவர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்த முகமாகக் கேட்டார். "உங்க பேர் என்னப்பா?"

சீனு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பேரைச் சொல்லலாமா கூடாதா என்று அந்த முகத்தில் தேடினான். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

"தெரியாது சார்" என்றான்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். பயப்பட வேண்டாம் என்று தட்டிக்கொடுத்து, பேரையும் ஊரையும் மெதுவாக வாங்கினார். பிறகு மேசைமேல் ஒரு பத்து ரூபாய் நோட்டையும் சில நாணயங்களையும் வைத்து, "இதுல எவ்வளவு இருக்கு பாருங்க" என்றார்.

"யாருது சார்?"

"என்னோடதுதான்."

சீனு எல்லாவற்றையும் கையால் குவித்துத் தள்ளி அவர் பக்கமே வைத்துவிட்டான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேலை ஏதாவது செய்றீங்களா?"

"கரண்ட்டு ஆபீ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "ஒண்ணும் இல்ல சார். எனக்கு ஒண்ணும் முடியாது."

நன்றாகத்தான் சொன்னான். சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னான். சியாமளாவுக்கு அழுகையும் வந்தது, காரியம் ஆகிவிடும் என்ற நிம்மதியும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கூடுவாஞ்சேரிக்குத் திரும்பும்போது, கொளவாய் ஏரி தாண்டும்வரை சீனு ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "அக்கா, எனக்கு ஒண்ணும் முடியாதா?" என்றான்.

"அது சும்மா பேப்பருக்குடா."

"பேப்பர்ல எழுதிகினாங்களே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் புதுப்பட்டினம் வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, அரிசி பருப்பு வாங்கிப் போட்டாள். ராகவன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். சீனு பில் கட்டிக் காசு வாங்குவதை எவனாவது எழுதிப் போட்டால் பென்ஷனுக்கு ஆபத்து. ஆகவே அவனை உட்கார வைத்துச் சொன்னாள். "இனிமே யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது. என்னா?"

"சரிக்கா."

"ஞாபகம் இருக்குமா?"

"யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது."

பில் கட்டுகிற வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். காசு வாங்காதவனிடம் வேலை வாங்க மனசு வராமல் அவர்களும் ஒவ்வொருவராக அட்டை கொடுப்பதை நிறுத்தினார்கள். மரியாதைப்பட்டவர்கள் செய்த காரியம்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. முனிசாமி மட்டும் நிறுத்தவில்லை. இலவசமென்று தெரிந்ததும் தன் கடைக்கும், வீட்டுக்கும், மச்சினன் வீட்டுக்கும் சேர்த்து மூன்று அட்டையாகக் கொடுத்தான். அட்டை தனக்கில்லையே, அதை மட்டும் சீனு வாங்கிக்கொண்டான்.

பென்ஷன் வரும்வரை தாக்காட்ட, முதல் மாதத்துக்குத் தன் சம்பளத்திலிருந்தே ஆயிரத்தைந்நூறு எடுத்து, "இந்தா, உன் செலவுக்கு, உன்னுதுதான்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் முக்கால்வாசி காணோம். சுவரில் ஒரு புதுக் கடிகாரம் இருந்தது. அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது.

"மீதி எங்கடா?"

"முனிசாமி அண்ணாத்த கேட்டுச்சி. அப்பால ஒரு அம்மா பஸ்ஸாண்ட அழுதுகினு இருந்துச்சி. திருப்பதி போணுமாம்."

சியாமளா முனிசாமியிடம் போனாள். "தர்றேன்க்கா, எங்க ஓடிடப் போறேன்" என்று அவளுக்கு ஒரு டீயும் போட்டுக் கொடுத்து, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு ரயிலில் வரும்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியபோது தன்னையே மெச்சிக்கொண்டாள். தன் பணம் என்றால் விட்டுவிடுகிறான், அடுத்தவர் பணம் என்றால் காக்கிறான். அப்படியானால் அவன் பணத்தை அடுத்தவர் பணமாக்கிவிட்டால் போகிறது. இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் ஏதாவது ஓட்டை கண்டுபிடிப்பார்.

மாசியில் பென்ஷன் வந்தது. பணத்தை நீட்டியதும் சீனு வழக்கம்போலக் கேட்டான். "யாருது?"

"அப்பாது. அப்பாவோட பென்ஷன்" என்றாள்.

அவன் முகம் மாறியது. இரண்டு கையாலும் வாங்கினான். உள்ளே போய் ரப்பர் பேண்டு எடுத்துவந்து கட்டினான், இழுத்துப் பார்த்தான், பீரோவில் வைத்துப் பூட்டி அதையும் இழுத்துப் பார்த்தான். சியாமளாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோன்றாத வழி தனக்குத் தோன்றிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

பிறகு நிதினுக்குப் பரீட்சை வந்தது. பிள்ளை பரீட்சை என்றால் நம் வீடுகளில் கடிகாரமே நின்றுவிடும். அவளால் ஒரு ஞாயிறுகூட நகர முடியவில்லை. டீக்கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தால் முனிசாமி வந்து எடுப்பான். "நல்லா கீறான்க்கா, நீ இன்னாத்துக்குக் கவலப்படுற?" அதை நம்பினாள். வேறு வழியில்லாதபோது யாரை வேண்டுமானாலும் நம்பலாம்போலிருக்கிறது.

பரீட்சை முடிந்து பங்குனிக் கடைசியில் வந்து கதவைத் தட்டியபோது, திறந்தவனை அவளுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தோளில் தொங்கிற்று. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. ஆனால் சிரித்தான். உள்ளே ஓடி, பீரோவைத் திறந்து அந்தக் கட்டை எடுத்துவந்து அவள் கையில் வைத்தான்.

"எண்ணிப் பாருக்கா. அப்பாது. அப்படியே கீது."

அப்படியேதான் இருந்தது. அன்றைக்குப் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. சமையலறைக்கு ஓடினாள். அரிசி டப்பாவில் அடியில் கொஞ்சம் ரவைபோல ஒட்டியிருந்தது. அடுப்புப் பக்கத்தில் இரண்டு பாத்திரமும் தேய்த்துக் கவிழ்த்து, ஈரமில்லாமல் கிடந்தன.

"ஏன்டா சாப்பிடல?"

"துட்டு இல்லக்கா."

"இவ்வளவையும் பீரோவுல வச்சிக்கிட்டுத் துட்டு இல்லன்றியே."

"அது அப்பாதாச்சே" என்றான் சீனு. அக்காவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். இங்கே எட்டாமல் தடுத்தது அவளுடைய புத்திசாலித்தனம். சியாமளா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். தன்மேல் வந்த கோபத்தை யார்மேலாவது இறக்க வேண்டும்போல இருந்தது. எதிரே நின்றவன்மேல் இறக்க முடியாது, அவன் சொன்ன சொல்லில் ஒன்றைக்கூட மீறவில்லை.

பேச்சுக் குரல் கேட்டு அடுத்த வீட்டுப் பார்வதம் வந்தாள். தெருமுனையில் இட்லி சுட்டு விற்கிறவள். வாசல்படியிலேயே நின்று ஆரம்பித்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சிதா டீச்சருக்கு?" சியாமளா டீச்சரில்லை, ஆபீஸ் குமாஸ்தா. புடவையை மடிப்பு வைத்துக் கட்டுகிறவர்கள் எல்லோரும் பார்வதத்துக்கு டீச்சர்தான். "நாஸ்தா குடுத்தா வாங்கமாட்டேன்றான். யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிகீதாம். கஞ்சி குடுத்தாலும் வேணாம், தண்ணி குடுத்தாலும் வேணாம். ஒரு நாளு கெணத்தாண்ட தலசுத்தி உக்காந்துகினான். அப்பறம் பாத்தேன். ஒரு எலையில நாலு இட்லி வச்சி, இது உனக்கு இல்லடா, உங்கம்மாவுக்குப் படைக்கறது, படத்தாண்ட வையின்னேன். வச்சான். கற்பூரம் காட்டுனேன். படச்சத சாப்ட்டுதான ஆவணும்? சாப்ட்டான்."

சியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வதம் கையை உருவிக்கொண்டாள்.

"தெனத்துக்கும் படைக்க என்னால ஆவுமா சொல்லு. மாவு ஆட்றதா, ஏவாரம் பாக்கறதா, இவன் வாயப் பாத்துகினு இருக்கறதா? பேஜாராக் கீது. நீ கூட்டிகினு போய்டு. அதான் நல்லது."

அவள் போனதும் முனிசாமி வந்து தலையைக் காட்டினான். அழைத்துப் போகப் போகிறார்கள் என்று அதற்குள் காற்று சொல்லியிருக்க வேண்டும். "எதுக்குக்கா கூட்டிகினு போற? பொறந்து வளந்த ஊரு. நாங்கல்லாம் கீறோம்ல? இங்கயே இருக்கட்டும்." நேரம் பார்த்து அட்டை மூன்றையும் சீனு கையில் திணித்துவிட்டுப் போனான்.

சியாமளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோறு போட்டவள் கூட்டிப் போ என்கிறாள். சுரண்டித் தின்றவன் இருக்கட்டும் என்கிறான். பார்வதம் சொல்வதைக் கேட்பதா, முனிசாமி சொல்வதைக் கேட்பதா? நல்லவள் சொன்னதெல்லாம் நல்லதா? கெட்டவன் வாயிலிருந்து வந்தால் சரியான வார்த்தையும் கெட்டதாகிவிடுமா? சீனு பணத்தைக் காப்பாற்றத் தெரிந்தவனா, தெரியாதவனா? தெரியாதவன் என்றால், இந்தக் கட்டு இப்படி மடிப்புக் கலையாமல் இருப்பது எப்படி? தெரிந்தவன் என்றால் அந்தச் சட்டை அப்படித் தொங்குவது ஏன்? எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் கிழிந்தது.

ஆனால் ராகவனிடம் ஒப்புக்கொண்ட வார்த்தை ஒன்று இருக்கிறது. தப்பாகத்தான் போயிருக்கிறது, இதைவிடத் தப்பாக என்ன போக வேண்டும்? உலையை ஏற்றினாள். பக்கத்துக் கடையில் அரிசியும் கத்திரிக்காயும் வாங்கிவந்து சமைத்தாள். அவன் சாப்பிடச் சாப்பிட அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கை கழுவப் போனபோது, மச்சிலிருந்து அப்பாவின் பழைய சூட்கேஸை இறக்கித் துடைத்து, அவன் சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். சீனு திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்று பார்த்தான். எதுக்கு என்று கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பணக்கட்டு தரையில் கிடந்தது. சூட்கேஸில் வைக்கலாமென்று எடுத்தவள், என்ன நினைத்தாளோ, அவனிடம் நீட்டினாள். "இந்தா."

"யாருது?"

பழைய கேள்விதான். அப்பாதென்று சொன்னால் பட்டினி கிடப்பான். அவனுதென்று சொன்னால் சாயங்காலத்துக்குள் முனிசாமி வீட்டுக்குப் போய்விடும். எப்படிச் சொன்னாலும் தோல்வி. பொய் சொல்லிப் பார்த்தாயிற்று, அது அவன் உடம்பில் எலும்பாகத் தெரிகிறது. இனி உண்மையைச் சொல்லித் தோற்போம் என்று தோன்றியது.

"உன்னுதுடா."

"அப்பாதுன்னியே."

"அப்பா சம்பாரிச்சது. உனக்குன்னு விட்டுட்டுப் போனாரு. உன்னுதுதான்."

"பொய்யா?"

"இல்லடா, நிஜமா. அன்னிக்குச் சொன்னதுதான் பொய்."

சீனு கட்டைப் புரட்டிப் பார்த்தான். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். ஒரு நோட்டை உருவி, "பாருவதம் அக்காவுக்கு" என்று சட்டைப் பையில் வைத்தான். இட்லிக்கா, படையலுக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தான். நூறு ரூபாய்.

"எனக்கு எதுக்குடா? வேணாம், உனக்கே வேணும்."

"என்னுதுன்னியே."

"உன்னுதுதான்."

"அப்ப வாங்கிக்கோ. டிக்கெட்டுக்கு."

அவள் வாங்கிக்கொண்டாள். இத்தனை வயசில் அந்த வீட்டில் யாரும் சீனுவிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டதில்லை, கொடுக்க மட்டும்தான் செய்திருக்கிறார்கள். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒரு டிக்கெட்டுதான் வாங்கணும்" என்றான் சீனு. "மீதி சில்ற நீ வச்சிக்கோ. நான் வரல."

"சீனு, மாமாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?"

"வரலன்னு சொல்லு." சூட்கேஸிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட ஆரம்பித்தான். மடித்ததைக் கலைக்காமல், ஒவ்வொன்றாக.

சியாமளா வாதாடினாள். அழுதுகூடப் பார்த்தாள். அவன் காதில் வாங்கிக்கொண்டே சட்டைகளைக் கொடியில் போட்டான். கடைசிச் சட்டையும் கொடியேறியதும் வாதாடுவதை விட்டாள். எழுந்து முகம் கழுவி, பில் கட்டும் வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய்வந்தாள். பழையபடி அட்டை கொடுங்கள், பழையபடி காசும் கொடுங்கள் என்றாள். பென்ஷன் நின்றுவிட்டால் என்று திருநாவுக்கரசு சார் கேட்டதற்கு, நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது. பணத்தை இனி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டுமென்று தோன்றியது. அதுவும் சரிப்படுமா என்று தெரியாது. முனிசாமி கடையைத் தாண்டும்போது நின்று நாலு வார்த்தை திட்டினாள். அது மட்டும் சந்தேகமில்லாமல் நன்றாக இருந்தது.

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட சீனு வந்தான். ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தான். கையாட்டவில்லை, பஸ் கிளம்பும் முன்பே திரும்பி நடந்துவிட்டான். டீக்கடைப் பக்கம் போகிறானா, வீட்டுப் பக்கம் போகிறானா என்று கழுத்தை வளைத்துப் பார்த்தாள். லாரி ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அந்த நூறு ரூபாயை நீட்டினாள்.

"சில்ற இல்லியாம்மா? சரி குடு. எத்தினி டிக்கெட்டு?"

பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.